பேக்டரி பஸ்ஸில் தூங்கியவர்கள்

என் சித்தி தூங்குகிறவர்களைப் போட்டோ எடுப்பாள். கேட்கிறவர்களுக்கு இது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

அம்மாவின் தங்கை அவள். கல்யாணம் ஆகவில்லை; கோலா சிலாங்கூரில் எங்களோடுதான் இருந்தாள். ராவாங் பக்கம் ஒரு பேக்டரியில் நைட் ஷிப்ட். காலையில் வேலை முடிந்து பஸ் ஏறினால், தோட்டத்துச் சாலைகளையெல்லாம் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர ரொம்ப நேரமாகும். பஸ் முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் உள்ளே இருக்கிற பெண்களுக்கெல்லாம் தலை சாய்ந்துவிடும். சித்தி மட்டும் பையிலிருந்து கேமராவை எடுப்பாள். கண்ணாடியில் கன்னம் அழுந்தக் கிடப்பவள், பக்கத்திலிருப்பவள் தோளில் எச்சில் ஒழுக விடுபவள், மடியில் டிபன் டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி உறங்குபவள் என்று வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கோலாலம்பூர்ல இருக்கிற கட்டடத்த எல்லாரும் எடுக்கிறாங்க. இவங்கள யாரு எடுக்கிறா?" என்பாள்.

"தூங்குற மூஞ்சிய எவன்டி பாப்பான்?" என்று அம்மா முணுமுணுப்பாள்.

அந்தப் படங்களில் அடிக்கடி வந்தது பக்கத்து வீட்டு அக்காவின் முகம். அதே பேக்டரி, அதே பஸ். அக்காவுக்கு அப்பா இல்லை. அம்மாவும் தம்பிகளும் அவள் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். ஆள் குறைந்தால் பகல் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவாள். படம் எடுக்கட்டுமா என்று சித்தி கேட்டபோது, "எடுத்துக்க. வாய் தொறந்திருந்தா மட்டும் போட்டுடாத லா" என்று சிரித்தாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி அக்காவின் படங்களை மட்டும் கம்ப்யூட்டரில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்ட்டூன் போடச் சொல்லி நான் நச்சரித்தது அவள் காதில் விழவே இல்லை. பழைய படங்களில் ஒட்டிய கன்னத்தோடு இருந்த அக்கா, புதிய படங்களில் கண்ணிமை தடித்து, முகம் உப்பி, வேறு ஆளாக இருந்தாள். அக்கா குண்டாகி அழகாகிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன். சித்தி எழுந்து நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய் அக்காவைக் கிளினிக்குக் கூப்பிட்டாள்.

"எம்சி லீவு போட்டா அலவன்ஸ் போச்சு. தூக்கமில்ல, அவ்வளவுதான்" என்று அக்கா மழுப்பிவிட்டாள். அக்காவின் அம்மாவைக் கூட்டி வந்து கம்ப்யூட்டரில் காட்டியதும் வீண். "அசந்து தூங்குறா, பாவம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் நடந்த கண்காட்சிக்குச் சித்தியின் படங்களைக் கேட்டார்கள். அக்காவின் கடைசிப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கினார்கள். பெரிதாகப் பார்த்தாலாவது அந்த அம்மாளுக்குப் புரியும் என்று சித்தி கணக்குப் போட்டாள். அக்காவுக்கு அன்றும் வேலை. அவள் அம்மாவை மட்டும் சித்தி வற்புறுத்தி எங்கள் காரில் ஏற்றினாள்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் ஒரு பூச்செண்டு வாங்கினார். மாடியேறியதும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், கண்ணில் பட்ட சின்ன மேசையில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். அது அக்காவின் படத்துக்கு நேர் கீழே இருந்த மேசை.

எங்கள் வீடுகளில் தனி ஆளாக, பெரிதாகச் சட்டம் போட்டு, மேலே விளக்கோடு சுவரேறுகிறவர்கள் செத்துப்போனவர்கள்தான். இங்கே கண் வேறு மூடியிருந்தது. அட்டையில் பெயரும் வருஷமும். கீழே பூ. அக்காவின் அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"உசுரோட இருக்கிற புள்ளைக்குப் பூ வெச்சிட்டீங்களே, பாவிங்களா!"

மார்பில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். குடுமி போட்ட சீனப் பையன் ஒருவன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்ட்டி, பூவ விடுங்க, மூஞ்சிய பாருங்க. எப்படி வீங்கியிருக்கு பாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க ஆண்ட்டி" என்று கெஞ்சினாள். அந்த அம்மாள் கையை உதறினாள். அப்பா பூச்செண்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

மறுநாள் அக்காவுக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள். கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். ஆஸ்பத்திரிக்குத்தான் போகவில்லை. படம் சுவரிலிருந்து இறங்கியது. இனி கேமராவைத் தொடக் கூடாது என்று அம்மா சித்தியிடம் சத்தியம் வாங்கினாள்.

தீபாவளிக்கு முன்பே அக்கா போய்விட்டாள். வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் கிட்னி இரண்டும் கெட்டுப்போயிருந்தது தெரிந்தது. சாவு வீட்டில் ஒரே பேச்சு: தூங்குற பொண்ணப் படம் புடிச்சு மாட்டி ஆயுசக் கொறச்சிட்டா. வருஷக்கணக்காக விடிய விடிய நின்றதைப் பற்றியோ, பகல் ஷிப்டையும் தலையில் கட்டியவர்களைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை. கேமரா கைக்கு அடக்கமானது, திட்டுவதற்குச் சௌகரியம். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. சித்தியைப் பந்தலுக்குள்ளேயே விடவில்லை. எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றுதான் அக்காவைத் தூக்கிப் போவதைப் பார்த்தாள்.

அன்று எனக்கு ஒன்பது வயது, வயிறெல்லாம் எரியவில்லை. பயம்தான். தூங்கும்போது சித்திக்கு முகம் தெரியாமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, மழை பிடித்துக்கொண்டதால் அம்மா என்னிடம் குடையைக் கொடுத்துச் சித்தியைக் கூட்டி வர அனுப்பினாள். பெட்ரோல் ஸ்டேஷன் முன்னால் பஸ் வந்து நின்றது. கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தேன். இருவர் இருக்கையில் மூவராக நெருக்கிக்கொண்டு தூங்கினார்கள். இரண்டு பேர் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே கண்ணயர்ந்திருந்தார்கள். சித்திக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை. அவளுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்தவளிடம் குடையை நீட்டினேன். "ஒனக்கு மட்டும் இவ்ளோ எடமா சித்தி! நாளைக்கு நல்லா கால நீட்டிப் படுத்துக்கிட்டு வா."

அவளுக்கு அப்படியொரு வசதி கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.