பிரேக் டீச்சரும் இராயப்பரும்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பிரேக் டீச்சர் என்று பெயர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் கீழே இன்னொரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தப்புச் செய்தால் சொல்லித் தருபவர் அதை மிதிக்க வேண்டும். மற்றவர்கள் ஆபத்து வந்தால் மிதிப்பார்கள். இவள் கோபம் வந்தாலே மிதிப்பாள். பின்னால் வண்டி வருவதைப் பார்க்காமல் திரும்பிய ஒரு வங்கி மேலாளரை நடுச்சாலையில் நிறுத்தி, "கடனையும் இப்படித்தான் கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கிக் குடுப்பீங்களா?" என்று கேட்டவள். அந்த மனிதர் கொஞ்ச நாள் வகுப்புப் பக்கமே வரவில்லை. பிறகு வந்தார், முதல் தடவையிலேயே லைசென்ஸும் வாங்கினார்.

இப்படி ஊரையே ஆட்டிவைத்த வாய், வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடங்கிவிடும். அதற்குக் காரணம் மாடியில் குடியிருந்தாள். கணவரின் அக்கா; கோர்ட்டில் டைப்பிஸ்ட், சபையில் ஞாயிறு பள்ளியின் தலைமை டீச்சர். இரண்டு இடத்திலும் தீர்ப்பு எழுதுவது தான்தான் என்று ஒரு நினைப்பு. கணவர் பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவர். கேட்டவருக்குக் கேட்ட நிறத்தைக் கலக்கிக் கொடுத்துக் கொடுத்து, மனிதரும் அப்படியே ஆகிப்போனார். மாடிக்குப் போனால் ஒரு நிறம், கீழே வந்தால் ஒரு நிறம்.

பிரேக் டீச்சர் பிறந்தது ஆர்.சி. என்கிற ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். காதல் கல்யாணத்துக்காகக் கணவரின் புராட்டஸ்டன்ட் சபைக்கு மாறினாள். பாட்டு மாறியது, ஜெபம் மாறியது, ஜெபமாலை அலமாரிக்குள் போனது. பெயர்கள் மட்டும் மாற மாட்டோம் என்று அடம்பிடித்தன. அவள் பிறந்த வீட்டில் இயேசுவின் சீடர் பேதுருவுக்கு இராயப்பர் என்று பெயர். பவுலுக்குச் சின்னப்பர், யோசேப்புக்குச் சூசையப்பர். ஆள் ஒன்றுதான், கூப்பிடுவதுதான் வேறு. ஆனால் பேதுரு என்றால் அவளுக்குப் புத்தகத்துக்குள் இருக்கிற ஒருவர். இராயப்பர் என்றால் சொந்தப் பெரியப்பா மாதிரி. முன்கோபி, யோசிக்காமல் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்.

மகளுக்குப் பத்து வயது. படுக்கப் போகும்போது அவளுக்குக் கதை சொல்வது அம்மாவின் பாத்தியதை. பகலெல்லாம் கத்தித் தேய்ந்த தொண்டை அப்போதுதான் தணிந்து பேசும். இராயப்பர் பந்தாவாகக் கடலில் நடக்கக் கிளம்பி, நாலு எட்டு வைத்ததும் பயந்து முங்குகிற இடத்தில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்த வீட்டில் அம்மாவுக்கென்று இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

அது மாடிக்குக் கேட்டது. சபைகளுக்கு இடையே நடக்கும் சிறுவர் வேதாகமப் போட்டிக்கு மகள் தேர்வானதும், நாத்தனார் படியில் நின்றபடியே சொன்னாள்.

"இங்க பாரு. மேடையில இவ வாயிலேருந்து உங்க வீட்டுப் பேரு ஒண்ணே ஒண்ணு வந்தாலும் சரி, அன்னையிலேருந்து பிள்ளை மாடியில என்கூடத்தான் படுப்பா. கதையும் நானே சொல்லிக்கிறேன். நீ பிரேக்கை மட்டும் மிதி."

"சரிக்கா," என்றார் கலர் கலக்குகிறவர். அவரை யாரும் கேட்கவே இல்லை.

போட்டி நாளன்று முதலாளி பயிற்சிக் காரையே கொடுத்தார். கூரையில் பள்ளியின் பெயர்ப் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எழுத்து. "இதுலயா போய் இறங்கணும்? சர்க்கஸ் வண்டி மாதிரி இருக்கு," என்று முகம் சுளித்துக்கொண்டே நாத்தனார் முன்னிருக்கையில் ஏறினாள். பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தலை சுற்றுமாம். கணவரும் மகளும் பின்னால் ஒடுங்கினார்கள்.

ஏறியதிலிருந்து கேள்விதான். "நோவா பேழையில எத்தனை மாடி? எஸ்தரை எடுத்து வளர்த்தது யாரு?" மகள் டக் டக்கென்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு பதிலுக்குக் கொஞ்சம் திணறினாள்.

"யோசிக்க விடுங்க அண்ணி, பாவம்," என்றாள் பிரேக் டீச்சர்.

"நீ ரோட்டைப் பாரு. வேதத்துல நீ மூக்கை நுழைக்காத."

"வேதம் எங்க வீட்லயும் இருந்துச்சு."

"இருந்துச்சு, இருந்துச்சு. அதுக்கு மேல தூசியும் இருந்துச்சு."

பேச்சின் வேகத்தில் நாத்தனார் காலை ஓங்கி ஊன்றினாள். ஊன்றிய இடம் பிரேக். கார் நடுச்சாலையில் குலுங்கி நின்றது, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தி, தலையை வெளியே நீட்டி, பலகையைப் படித்துவிட்டு, "முதல்ல நீ கத்துக்கிட்டு அப்புறம் மத்தவனுக்குச் சொல்லிக் குடும்மா!" என்று கத்தினான். எத்தனையோ பேரை நடுச்சாலையில் நிறுத்திக் கேட்டவளுக்கு இது வேண்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

"இது எதுக்கு இங்க வச்சிருக்கு, கால் வைக்கிற இடத்துல?" என்றாள் நாத்தனார்.

அரங்கில் குளிரூட்டி ஓடியும் புழுக்கமாக இருந்தது. வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் பிள்ளைகளைவிடப் பதறிக்கொண்டிருந்த பெற்றோர்கள். மகள் சுற்றுக்குச் சுற்று முன்னேறினாள். கடைசியில் மேடையில் இருவர் மிஞ்சினார்கள்: இவளும், கண்ணாடி போட்ட ஒரு பையனும். யார் முதலில் மணி அடிக்கிறார்களோ அவர்கள் பதில் சொல்ல வேண்டும். இருவருக்கும் சம மதிப்பெண். ஒரு கேள்வி பாக்கி.

"இயேசுவை மூன்று முறை மறுதலித்த சீடர் யார்?" என்றார் டை கட்டிய நடுவர்.

பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த கேள்வி. அதனால்தான் அவசரம். மகள் பாய்ந்து மணியை அடித்தாள். அவசரத்தில் யாருக்கும் வீட்டுப் பேச்சுதான் வரும்.

"இராயப்பர்!"



"யாரு?" என்று நடுவர் காதைத் தீட்டினார். "இராயப்பரா? யாரும்மா அவரு, உங்க பக்கத்து வீட்டுக்காரரா?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. தேவனுடைய பிள்ளைகள் சிரித்தால் நன்றாகவே சிரிப்பார்கள். மேடையில் நின்ற சின்ன முகம் வெளிறியது. அதைப் பார்த்ததும் இத்தனை வருஷம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்த வாய் தானாகத் திரும்பி வந்தது. எழுந்து நின்றாள்.

"நீங்க நினைக்கிறவரும் அவரும் ஒரே ஆள்தான் சார். ஆர்.சி.ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. நடுவரா உக்காந்திருக்கீங்க, இது கூடத் தெரியாதா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. நாத்தனாரின் பக்கத்தில் இருந்த அம்மாள், "யாரு இது, உங்க வீட்டு ஆளா?" என்று குனிந்து கேட்டாள்.

"பிள்ளைதான் எங்க பிள்ளை. இவங்க வண்டி ஓட்டிட்டு வந்தவங்க," என்றாள் நாத்தனார், மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பேட்ஜ் குத்திய இளைஞன் ஒருவன் ஓடி வந்தான். "சார், இவங்க உங்ககூட வந்தவங்களா? உக்காரச் சொல்லுங்க." கணவர் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்டார். வராத அழைப்பு ஒன்றுக்கு "ஹலோ, ஹலோ" என்று எழுந்து வெளியே போனார்.

நடுவர் அசடு வழிந்தாலும் விடவில்லை. மகளிடம் குனிந்து, "நம்ம வேதாகமத்துல இருக்கிற பேரைச் சொன்னா மார்க் உண்டு. இந்தப் பேரை யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

மகள் அத்தையைப் பார்த்தாள். அத்தையின் முகம் கல்லாக இருந்தது. பிறகு நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"பேதுரு," என்றாள். "அம்மா தப்பாச் சொல்லிக் குடுத்துட்டாங்க."

"உண்மையைச் சொன்ன பிள்ளைக்குக் கை தட்டுங்க!" என்றார் நடுவர். தட்டினார்கள். கோப்பை இவளுக்கு.

பிரேக் டீச்சர் காரில் போய் உட்கார்ந்தாள். கணவர் கண்ணாடியைத் தட்டினார்.

"போட்டோ எடுக்கிறாங்க, வா."

"வண்டி ஓட்டுறவளுக்கு எதுக்குங்க போட்டோ?"

"சின்னப் பிள்ளை, பயத்துல சொல்லிட்டா. அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு..."

"யாரைப் பார்த்துப் பயம்? என்னைப் பார்த்துப் பயந்திருந்தா உங்க அக்கா பேரைச் சொல்லியிருப்பா. நீங்களும்தான் பயந்தீங்க. போன்ல யாரு, கடவுளா?"

அவர் பின்னால் ஏறினார். அடுத்து மகள் கோப்பையோடு ஓடி வந்து ஏறினாள்.

"அம்மா." அவள் சாவியை எடுத்தாள். "அம்மா, இன்னைக்கிக் கதை சொல்வீங்களா?"

"என்கிட்ட இருக்கிறது எல்லாம் தப்புக் கதை. அத்தைகிட்ட கேட்டுக்கோ."

சொன்ன உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திரும்பிப் பார்க்கவும் ரோஷம் விடவில்லை. பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதே நேரம் நாத்தனார் கதவைத் திறந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"ஜெயிச்ச பிள்ளை எதுக்கு அழுவுது? அம்மா திட்டினாளா?"

பிரேக் டீச்சர் சாவியைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஆமாம் என்றால் ஆமாம்தான். மறுப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

"அம்மா ஒண்ணும் சொல்லல அத்தை. கப்பு கையில குத்திடுச்சு."

"சரி, அழாத. இன்னையிலேருந்து மாடியில படுத்துக்கோ. அத்தை சரியான கதையாச் சொல்றேன்."

மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் அத்தை. மாடியில கொசு கடிக்கும். நான் அம்மாகூடவே படுத்துக்கிறேன்."

மாடியில் கொசு கிடையாது. காரில் இருந்த நான்கு பேருக்கும் அது தெரியும். நாத்தனார் திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"கொசு இருக்குக்கா," என்றார் கலர் கலக்குகிறவர்.