கொழும்புக் கப்பலில் பத்து மாத மகள்

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் பாறசாலைப் பள்ளிக்கூடங்கள் அடைத்துக் கிடந்தன. ஆசிரியரான என் கணவருக்கு வேலை இல்லாததால், பத்து மாத மகளைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் ஏறினோம். பிள்ளைக்குக் கடல் காட்டப் போகிறோம் என்று ஊரில் சொன்னேன். ஆசை எனக்குத்தான்.

கப்பல் ஆடத் தொடங்கியதும் மகள் வாந்தியெடுத்தாள். கணவரும் தலைசுற்றிப் படுத்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெருங்கடவிளை ஊர்க்கார அக்கா ஒருவரிடம், "இப்ப வாறேன்" என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டு மேல்தளத்துக்குப் போனேன். கடலைப் பார்த்து நின்றதில் நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அழுது அழுது மகளின் முகம் வீங்கியிருந்தது.

"எங்க போன மக்கா? பிள்ளை உன்னைத் தேடினதாக்கும். வெள்ளம் குடுத்தும் குடிக்கல்ல," என்றார் அக்கா.

நான் கை நீட்டினேன். மகள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கொழும்பில் மூன்று நாளும் அவளை நான் இடுப்பைவிட்டு இறக்கவில்லை. வளர்ந்த பிறகு கேட்டால், அவளுக்கு எதுவும் நினைவில்லையாம். எனக்கு அது ஆறுதலாக இல்லை.