முசோண்டாவின் அம்மா

வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஊரை நினைத்து அழுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். கடையநல்லூரிலிருந்து துபாய்க்குப் போனவர்கள் கேசட்டில் பேசி அனுப்புவதைக் கேட்டால் நமக்கே அழுகை வரும். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். ஒன்பது வருஷம் ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டுச் சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்து, அந்த ஊரை நினைத்து அழுதவள் எங்கள் அக்கா முத்துமீனாள்.

அக்கா என்றால் உடன்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அந்த அண்ணன், எங்கள் அத்தான் அம்பலவாணன், இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தார். ஜாம்பியா நாட்டில் வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து, மெட்ராஸ் போய் இண்டர்வியூ கொடுத்து, 1973-ல் கிளம்பிவிட்டார். ஆறு மாதம் கழித்து அக்காவும் போனாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. வெளிநாடு போகிற சந்தோஷத்தைவிட இந்தத் தெருவை விட்டுப் போகிற சந்தோஷம்தான் அவள் முகத்தில் தெரிகிறது என்று நான் சொன்னேன். பொறாமையில் சொன்னதுதான், ஆனால் பொய் இல்லை.

அவர்கள் போன ஊருக்குக் கசாமா என்று பெயர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வாத்தியார்களுக்கு வீடு. அடுத்த வீட்டில் பள்ளிக்கூட கிளார்க்கின் குடும்பம், நாலு பிள்ளைகள். அந்த ஊரில் பிள்ளை பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லி, இன்னாரின் அம்மா என்பார்களாம். 'பனா' என்றால் அம்மா. கிளார்க்கின் மனைவிக்கு மூத்த பிள்ளை சிலேஷே. ஆகவே அவள் பனா சிலேஷே. அக்கா போய் இறங்கிய வாரமே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, நீ யாருடைய அம்மா என்று கேட்டிருக்கிறார்கள். மூவாயிரம் மைல் தாண்டிப் போயும் அதே கேள்வி. அக்கா அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

பனா சிலேஷே ஒன்றும் சமாதானம் சொல்லவில்லையாம். தன் கடைசிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து அக்கா மடியில் உட்கார வைத்தாளாம். நீ வந்த நாளிலிருந்து இவள் உன் அடுப்படியில்தானே கிடக்கிறாள், இனிமேல் நீதான் இவளுக்கு அம்மா என்று முடித்துவிட்டாளாம். அந்தப் பிள்ளை பேர் முசோண்டா, அப்போது ஒன்றரை வயது. அன்றைக்குத் தொடங்கி அந்த ஊரில் சந்தைக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ், தபால்காரர் என்று எல்லாருக்கும் எங்கள் அக்கா பனா முசோண்டா.

இதை அவள் கடிதத்தில் எழுதியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். "ஆசைக்கு ஒரு அளவு வேண்டாமா? யாரோ பெத்த பிள்ளைக்கு இவ அம்மாவாம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோவில் ஆபீஸில் கிளார்க், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். "இருந்துட்டுப் போட்டும், விடு" என்றார்.

ஆனால் அடுத்த கடிதம் எப்போது வரும் என்று காத்திருந்தவளும் நான்தான். நான் தென்காசியைத் தாண்டாதவள். அவள் கடிதங்களில்தான் உலகம் சுற்றினேன். அதில் ஒரு கடிதத்தை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும்.

1981 ஏப்ரல் லீவில் விக்டோரியா அருவியைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள். கசாமாவிலிருந்து இரண்டு ரயில் மாற வேண்டும். முசோண்டாவும் கூட. அருவி என்றதும் அக்கா என்ன செய்வாள்? ஊரிலிருந்து கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருந்த நல்லெண்ணெய், சீயக்காய்த் தூள், மூன்று துண்டு, மாற்றுத் துணி எல்லாம் எடுத்துக் கட்டியிருக்கிறாள். குற்றாலத்துக்குப் போய்க் குளிக்காமல் திரும்புவது எங்கள் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வருகிற மாதிரி. காலையில் தங்கின இடத்திலேயே அத்தான் தலையிலும் பிள்ளை தலையிலும் தன் தலையிலும் எண்ணெய் தேய்த்து, எண்ணெய் வழிய மூன்று பேரும் அருவிக்குப் போயிருக்கிறார்கள்.

அங்கே போனால் அருவி கண்ணுக்கு எட்டாத பள்ளத்தில் விழுகிறது. இறங்கப் படி கிடையாது. ஆண்கள் குளிக்கிற இடம் எது, பெண்கள் குளிக்கிற இடம் எது என்று அத்தான் காவல்காரரிடம் விசாரித்திருக்கிறார். அந்த மனுஷர் இவர்களை மேலும் கீழும் பார்த்தாராம். பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார்.

"எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படி ரயில் ஏறுவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது" என்று அக்கா எழுதியிருந்தாள். பிறகு அருவிக்கு எதிரே ஒரு பாலத்தில் நடந்திருக்கிறார்கள். அருவி விழுந்த வேகத்தில் கிளம்பின சாரல் அடைமழையாக அடித்திருக்கிறது. குடையோடும் ரெயின்கோட்டோடும் வெள்ளைக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்க, அக்கா பாலத்தின் நடுவில் நின்று சீயக்காய்ப் பொட்டலத்தைப் பிரித்து முசோண்டா தலையில் தேய்த்து, பிறகு தானும் தேய்த்துக் குளித்தாளாம். பிள்ளை கண் எரிகிறது என்று அவளைக் கட்டிக்கொண்டு கத்தியதாம். "காந்தி, என் ஆயுசில் அப்படி ஒரு குளிப்பு குளித்ததில்லை" என்று என் பேரைச் சொல்லி முடித்திருந்தாள். அந்தக் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன்.

1982 டிசம்பரில் அத்தானின் காண்ட்ராக்ட் முடிந்து திரும்பி வந்தார்கள். துபாய்க்காரர்கள் டேப் ரெக்கார்டரும் நைலக்ஸ் சேலையுமாக வந்து இறங்குகிற காலத்தில், இவர்கள் சுவரில் மாட்டுகிற செம்புத் தட்டோடு வந்தார்கள். செம்புக்கு நம் ஊரில் என்ன பஞ்சம் என்று நான் முணுமுணுத்தேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள்.

அக்காவுக்கு இங்கே எதுவும் ஒட்டவில்லை. அங்கே கூடையை எடுத்துக்கொண்டு தனியாகச் சந்தைக்குப் போய் வந்தவள். இங்கே தேரடி வரை போவதற்கும் என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். பயம் இல்லை. தனியாகப் போனால் யாராவது நிறுத்தி, "ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பார்கள். நாற்பத்திரண்டு வயதிலும் கேட்டார்கள். விடியற்காலையில் விசைத்தறிச் சத்தத்தில் விழித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் கசாமாவில மழை பெய்யுதுன்னு நெனைச்சுட்டேன்" என்பாள். வந்த பிறகு முதல் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண் யாரையோ "அம்மா" என்று கூப்பிட, இவள் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நடந்தேன்.

கிளம்புகிற அன்று முசோண்டா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். அடுத்த மழைக்கு வந்துவிடுகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருக்கிறாள். மறுபடியும் வேலைக்கு அத்தான் எழுதிப் போட்டிருந்தார். அந்தப் பதிலுக்காக அவள் தினமும் பதினோரு மணிக்கு வாசலில் நின்றாள். தபால்காரர் தங்கப்பழம் தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை மிதிப்பார்.

பதில் வந்தது. 83-ல் ஒரு நாள் அக்கா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் வந்தது. உடனே வந்து சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். அத்தானுக்கு அப்போது சர்க்கரை முற்றி, வலது பாதத்தில் ஆறாத புண். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடமும் என் வீட்டுக்காரரிடமும் சொன்னார்: "நாள் முழுக்க நின்னு பாடம் நடத்த இனி என்னால ஆகாது. முடியாதுன்னு எழுதிருதேன். மீனாளுக்குத் தெரிய வேண்டாம். அவ போகணும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் கிளம்பிருவேன். அப்புறம் அங்கனதான் என்னை எரிக்கணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷம் மூடிக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் செய்தேன். 84 தையில் என் மூத்தவள் வடிவுக்கு வளைகாப்பு. பெரியம்மா முறை, முதல் வளையலை அக்காதான் போட வேண்டும். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயந்து, "அக்கா, அடுப்படியில சாதத்தைக் கொஞ்சம் பாத்துக்கிடுதீங்களா?" என்றேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். "சரிட்டி" என்று உள்ளே போனாள். எல்லாரும் போனபிறகு பார்த்தால், சாதம் வடித்து, பாத்திரம் முழுக்கத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்தும் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

85 ஆகஸ்டில் தங்கப்பழம் தலையை ஆட்டாமல் சைக்கிளை நிறுத்தினார். கசாமாவிலிருந்து கடிதம், முசோண்டாவின் அப்பா எழுதியது. அத்தான் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். முசோண்டா பெரியவளாகிவிட்டாள். எங்கள் வழக்கப்படி அவளுக்குச் சடங்கு செய்ய வேண்டும். இரண்டு அம்மாவும் இருந்தால்தான் செய்வேன் என்று என் மனைவி நாள் வைக்காமல் இருக்கிறாள். நீங்கள் வரும் தேதியை எழுதுங்கள். அத்தான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தியே வேலைக்குக் கூப்பிட்டு லெட்டர் வந்துட்டு. அத்தான்தான் முடியாதுன்னு எழுதிட்டாங்க."

அக்கா அடுப்பிலிருந்து ஏனத்தை இறக்கி வைத்தாள். "தெரியும்ட்டி" என்றாள்.

"தெரியுமா?"

"அந்தப் பதிலைத் தபால்ல போட்டதே நான்தான். கால் வலிக்குது, கோவிலுக்குப் போற வழியில போட்டுட்டு வான்னு என்கிட்டதான் கொடுத்தாங்க. கவர் மேல ஜாம்பியா ஆபீஸ் விலாசம். வாரோம்னு எழுதியிருந்தா அந்த மனுஷன் அதை என்கிட்டச் சொல்லாம இருப்பாங்களா? தபாலாபீஸ் வாசல்ல ரொம்ப நேரம் நின்னேன். போடாம கிழிச்சுப் போட்டிரலாமான்னு நெனைச்சேன். அப்புறம் அந்தப் புண்ணை நெனைச்சேன். போட்டுட்டேன்."

"பெறகு எதுக்கு அக்கா தினமும் வாசல்ல நின்னீங்க?"

"நிக்காம இருந்தா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவங்க கண்டுபிடிச்சிருவாங்கல்லா" என்றாள்.

நான் சுவரில் சாய்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. அன்று மத்தியானமே அத்தானிடம் பதில் எழுதச் சொன்னாள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், சடங்கை நல்லபடியாக நடத்துங்கள், என் பங்குக்கும் பனா சிலேஷேயே நிற்கட்டும். அவள் நின்றுகொண்டே சொல்ல, அத்தான் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். எழுதி முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷம் ஒளித்து வைத்ததெல்லாம் அந்த ஒரு பார்வையில் வெளியே வந்துவிட்டது. "விடுங்க, காலை மடக்காதீங்க" என்று மட்டும் அவள் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் உளுந்து வறுத்தாள். நான் மில்லுக்குப் போய்த் திரித்துக்கொண்டு வந்தேன். கருப்பட்டி காய்ச்சி, உழக்கு நல்லெண்ணெய் விட்டு, உருளி நிறையக் களி கிண்டினாள். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளை பெரியவளானால் கிண்டுகிற களி. வாசனை தெருவுக்கே போனது.

பால் ஊற்ற வந்த மாரித்தாய் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உளுந்தங்களி வாடை வருது? வீட்டுல யாரும்மா ஆளாயிருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க அக்கா மகள்" என்றேன் நான்.

மாரித்தாய்க்கு எங்கள் வீட்டுக் கதை முழுக்கத் தெரியும். மாடிப்படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பெரியம்மாவுக்கா?"

"ஆமா. பேரு முசோண்டா. பதிமூணு வயசு. நீ கையைக் கழுவிட்டு வா, களி தாரேன்."

மாரித்தாய் கை கழுவி, இலையில் களியை வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்ற அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா இருக்கும்மா. பிள்ளை எங்கன? கண்ணால ஒரு தடவை பாத்துட்டுப் போறேனே."

அக்கா கரண்டியை உருளியில் வைத்தாள்.

"எனக்கும் அதான் தாயீ வேணும்" என்றாள். "ஒரு தடவை பாத்தாப் போதும்."