பதினோராவது சிங்கம்

புறாக்காரி என்றால் நகராட்சி அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. பழைய சிலைகளையும் கட்டடங்களையும் பறவை எச்சத்திலிருந்து காப்பாற்றுவதுதான் பதினாறு வருடமாக அவள் வேலை. லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் கல்லும் கூடவே பெயர்ந்து வரும். ஈரத்துணி போட்டு ஊறவைத்து, மரத்துண்டால் மெல்ல வழித்தெடுக்க வேண்டும். இரும்புத் தகட்டோடு வந்த புது ஆள் ஒருவனை, "உன் மூஞ்சிய இதால சுரண்டிக்குவியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். நியாயமான கேள்விதானே!

சிலைகளோடு பேசுவாள். சதுக்கத்துக் குதிரைவீரரை, "மூக்கக் கொஞ்சம் காட்டுங்கண்ணே" என்பாள். புறாக்களுக்குத் திட்டுதான். "வெக்கங்கெட்டதுங்களா, ஊர்ல வேற தலையே கெடைக்கலையா?" அந்தத் திட்டில் பாதி கொஞ்சல்.

அவளை மேலே ஏற்றி இறக்கும் தூக்கு ஏணி வண்டிக்கு அவள் கணவன்தான் ஓட்டுநர். தங்கமான மனிதன். என்ன, எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி ஓர் அவசரம்.

அந்த வருடம் அவள் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. பழைய நீதிமன்றத்தின் முகப்பைக் கழுவி, புறா அண்டாமல் வலை கட்டி, குறித்த ஒரு வெள்ளிக்கிழமை பொறியாளர் பார்வையிட வருவதற்குள் முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கழுவவே இரண்டு மாதம் பிடித்தது. முகப்பில் வரிசையாகப் பன்னிரண்டு கல் சிங்கங்கள். ஒவ்வொன்றின் பிடரிக்குப் பின்னாலும் ஒரு பொந்து. உள்ளே கைவிட்டுத் துழாவிப் பார்க்காமல் அவள் வலையை இறுக்கியதே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோராவது சிங்கத்திடம் இருந்தபோது கணவன் கீழேயிருந்து கத்தினான்.

"இந்நேரம் கெளம்பியிருப்பாருடி! உள்ள ஒண்ணும் இருக்காது, கட்டு!"

"கத்தாதீங்க, கட்டுறேன்" என்றவள், பார்க்காமலே கட்டிவிட்டாள்.

எல்லாம் முடித்து இறங்கியதும் மேலே படபடவென்று சத்தம். ஒரு புறா அதே சிங்கத்தின் முன்னால் வலையில் வந்து வந்து மோதியது. உட்கார இடம் தேடுகிற புறா இரண்டு தடவை மோதிவிட்டு வேறு பக்கம் போய்விடும். இது போகவில்லை. உள்ளே குஞ்சு இருக்கிறது!

"ஏத்துங்க" என்றாள்.

"பைத்தியமா ஒனக்கு? அவரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும், அப்புறம் அவுத்துக்கலாம்."

"கையெழுத்து ஆயிட்டா வலையத் தொட உத்தரவு வாங்கணும். அது வர ஒரு வாரம் ஆகும். அதுங்க தாங்குமா?"

"நிரந்தரம் கை நழுவிடும்டி."

"கட்டுனது என் கை. ஏத்துங்க."

ஏற்றினான். வலையை அறுத்தாள். முள்முள்ளாக இறகு முளைத்த இரண்டு குஞ்சுகள். தாய்ப்புறா அவள் கன்னத்தில் ஓர் அறை அறைந்துவிட்டு உள்ளே பாய்ந்தது.

பொறியாளர் வந்து அண்ணாந்து பார்த்தார். "அங்க என்ன ஓட்டை?"

"நான்தான் சார் அறுத்தேன். குஞ்சு இருக்கு. பாக்காம கட்டிட்டேன், தப்பு என்னுது."

"பறக்க எத்தனை நாளாகும்?"

"இருபது நாளாவது ஆகும் சார்."

"அதுவரைக்கும் அப்படியே விடுங்க. ஆனா வேலை முடிஞ்சதுன்னு என்னால எழுத முடியாதும்மா."

நிரந்தரமானவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, குளியலறையில் அழுது தீர்த்தாள். வலையை அறுத்ததில் வருத்தமில்லை. ஆனாலும் ஆசை ஆசைதானே. கணவனிடமிருந்து சோறு வை, கிளம்பு, இவ்வளவுதான் பேச்சு. கோபமாக இருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இருபத்து மூன்றாம் நாள் பொந்து காலி. சுத்தம் செய்து, அறுத்த இடத்தில் வலையை வைத்துத் தைக்கத் தொடங்கினாள். கீழே வண்டியின் இன்ஜின் நின்றது.

"நல்லாப் பாத்துட்டியா?" என்று குரல் வந்தது. "இன்னொரு தடவை கைவிட்டுப் பாரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." மறுபடி கைவிட்டுப் பார்த்துவிட்டு அவள் கடைசி முடிச்சைப் போடும்போது, "அன்னிக்கு நான் கத்தாம இருந்திருந்தா நீ பாத்திருப்ப. ஒன் வேலையக் கெடுத்ததே நான்தான்."

இத்தனை நாளும் அவன் மென்று விழுங்கிக்கொண்டிருந்தது இதைத்தானா! எட்டிப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அட மக்கு மனுஷா! பாத்திருந்தா குஞ்சு இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். கட்டியிருக்கவே மாட்டேன். அப்பவும் அந்த ஓட்டை இருந்திருக்கும், அவரும் அதேதான் சொல்லியிருப்பாரு. ஏணிய எறக்குங்க, பசிக்குது."