ரசீதில் பெயரில்லாத ஆண்கள்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலு இருபத்தைந்துக்கு எழும்பினேன். சுபஹ் தொழுதுவிட்டுத் திரும்பும்போது தூறல் தொடங்கியிருந்தது. கடல் குழம்பிக் கிடந்ததால் தோணிகள் இறங்கவில்லை. சந்தையில் குளத்துச் செப்பலி மீன் மட்டும்தான் இருந்தது, ஒரு கிலோ வாங்கி வீட்டில் கொடுத்தேன். பிறகு முற்றத்துப் போத்தலில் இரவு பெய்த மழையை அளந்து கொப்பியில் எழுதினேன். பதினொரு மில்லிமீற்றர். ஏழு பத்துக்குச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் சீனி குறைத்து ஒரு பிளேன்டீ. கல்முனையில் என் ஞாயிறுகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நில அளவையாளர் ஒருவரிடம் இருபத்தாறு வருடமாக வரைபடம் வரைகிறேன். அளக்காமல் எதையும் நம்பாத பழக்கம் அங்கிருந்து வந்தது.

வியாழக்கிழமை பாராளுமன்றத் தேர்தல். கடையில் வேறு பேச்சே இல்லை. இரும்புக்கடை முதலாளி மேசையில் தட்டிக் கதைத்தார்.

"வரி கட்டுறவனுக்கு மட்டும்தான் வோட்டு இரிக்கணும். கட்டுறது ஒருத்தன், ஆளைத் தெரிவு செய்யுறது இன்னொருத்தன். இது என்ன நியாயம்?"

விதைப்பு முடித்து வந்திருந்த விவசாயி ஒருவர் காலில் சேறு காயாமல் உட்கார்ந்திருந்தார். "முதலாளி, நான் வாங்குற பருப்புல வரி, எண்ணையில வரி, ட்ரெக்டருக்கு அடிக்கிற டீசல்லயும் வரி. உங்கட கணக்குப்படி எனக்கு மூணு வோட்டு வருது. தாங்க பாப்பம்."

சிரிப்பு அடங்குவதற்குள் மூலையிலிருந்த ஒருவர் தன் போனை உயர்த்திப் பிடித்தார். "என்னத்துக்கு வாதம்? சட்டமே வந்திட்டு. வீடியோ பாக்கல்லயா?"

போன் கைமாறிக் கைமாறி என்னிடமும் வந்தது. எங்கள் ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில் வந்த நேரலை அது. நடத்துகிறவர் முன்பு கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இப்போது ஊரில் என்ன நடந்தாலும் அவருடைய போன்தான் முதலில் போய் நிற்கும். சிவப்பு எழுத்தில் தலைப்பு: சோலை வரி ரசீதில் உங்கள் பெயர் இல்லையா? வியாழக்கிழமை உங்கள் வாக்கு பறிபோகிறதா? ரசீதில் பெயர் இல்லாதவர்கள் தங்கள் பெயருள்ள வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதியையாவது வாக்குச் சாவடிக்குக் கொண்டுபோக வேண்டும், புது அரசாங்கத்தின் புதுச் சட்டமாம் என்று ஏழு நிமிடம் கதைத்திருந்தார். வெளியாகி மூன்று நாள் ஆகியிருந்தது.

வேறு ஊராக இருந்தால் இந்தக் கதை இவ்வளவு ஓடியிருக்காது. எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்கு. வாப்பாவும் காக்காமாரும், தகப்பனும் அண்ணன்மாரும், சேர்ந்து மகளுக்கு வீடு கட்டி உறுதி எழுதிக் கொடுப்பார்கள். ஆண் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குப் போவான். வீட்டுக்கு மாநகர சபை அறவிடும் சோலை வரியின் ரசீது அவளுடைய பெயரில் வரும். அவன் போய்க் கட்டுவான், ரசீதை மடித்துக் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பான். என் வீட்டு ரசீதிலும் மனைவியின் பெயர்தான். அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் ரசீதில் பெயர் இல்லை, இரும்புக்கடை முதலாளி உட்பட. அவர்தான் முதலில் எழும்பிப் போனார்.

நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். எட்டு நாற்பதுக்குத் தங்கச்சியின் அழைப்பு வந்தது. அதோடு சிரிப்பு நின்றது.

"காக்கா, நாளைக்கு ஒம்பது மணிக்கு உறுதி எழுத நொத்தாரிசுட்ட போகணுமாம். வீட்டுல பாதிய இவர்ர பேருக்கு எழுதித் தரட்டாம். உறுதியையும் எடுத்துக் குடுத்திட்டன், இவர் அங்க கொண்டுபோய்க் குடுத்திட்டாரு. வேணாம் என்டா, என்ட வோட்டுப் போனா ஒனக்குச் சந்தோசமா என்டு கேக்கிறாரு."

அந்த வீடு வாப்பாவும் நானும் கட்டியது. தங்கச்சிக்கு இரண்டு பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளை இல்லை. பாதி வீடு அவள் கணவரான மச்சானின் பெயருக்குப் போய், நாளைக்கு அவருக்கு ஒன்று நடந்தால், மார்க்கச் சட்டப்படி அந்தப் பாதியில் அவருடைய சகோதரர்களுக்கும் பங்கு போகும். மருதமுனையில் அவருக்கு நாலு சகோதரர்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் நல்ல மனிதர்கள் பங்கு கேட்ட வீடுகளின் வரைபடங்களை நான் கோடு கோடாக வரைந்திருக்கிறேன். சமையலறை ஒருவருக்கும் கிணறு இன்னொருவருக்கும் போன வீடுகள் அவை. மூத்த மகளுக்கு இரண்டு வருடத்தில் கலியாணம் பேச வேண்டும். அந்த வீட்டை நம்பித்தான் பேச வேண்டும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது தெரு. மச்சான் முன் விறாந்தையில் சாரன் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டும் மருதமுனைக் கைத்தறிச் சாரன்களை மொத்தமாக எடுத்து விற்கிறவர். அவர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு அரசியல் பேசி இரண்டு முறை முறுகிக்கொண்டோம். தன் சாப்பாட்டு மேசையில் அரசியல் கதைக்கக் கூடாது என்று தங்கச்சி சட்டம் போட்டிருந்தாள்.

"மச்சான், இடது கையக் காட்டுங்க" என்றேன்.

சந்தேகமாக நீட்டினார். சின்ன விரல் நகத்தின் நுனியில் செப்டம்பர் மை இன்னும் மெல்லிய கறுப்புக் கோடாக நின்றது. வெட்ட மறந்த நகம்.

"இது எந்த வீட்டு விலாசத்துல இருந்து போட்ட வோட்டு?"

"இந்த வீடுதான்."

"ரசீதில யார்ர பேர் இருந்திச்சு அப்ப?"

"அது அப்ப மச்சான். இப்ப புதுச் சட்டம்."

நான் அந்த இடத்திலேயே கிராம சேவகருக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். மனிதர் களைத்துப் போயிருந்தார். "மூணு நாளா இதே கேள்விதான். ரசீதுக்கும் வோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வாக்காளர் இடாப்புல பேர் இரிக்கணும், கையில அடையாள அட்டை இரிக்கணும். அவ்வளவுதான்."

போனை வைத்ததும் மச்சான் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவரும் உங்கட கட்சிதானே."

"என்ன கதை கதைக்கிறீங்க?"

"வேற என்ன மச்சான்? எங்கட பக்கம் ஒரு வோட்டுக் குறைஞ்சா உங்களுக்கு நல்லம். அந்த நேரலைக்காரர் எங்கட ஆள். அவர் வாயால செல்லட்டும், கேக்கிறன்."

உள்ளேயிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "அப்படியே உடுங்க காக்கா! ஊர் ஆம்பிளை ஒருத்தனுக்கும் வோட்டு இல்லாட்டி நல்லம்தானே. இந்த முறை பொம்பிளைங்க நாங்களே வோட்டுப் போட்டுப் பாராளுமன்றத்துக்கு ஆளனுப்புறம்."

நான் வாதத்தை விட்டேன். என் வாயிலிருந்து வரும் எந்த உண்மையும் அந்த விறாந்தையில் விலைபோகாது என்று விளங்கிவிட்டது. லுஹர் தொழுகை முடிந்ததும் இரண்டு மணிக்கு நேரலைக்காரரின் வீட்டுக்குப் போனேன்.

மரியாதையாகத்தான் வரவேற்றார். கதிரையில் போன் மூன்று, விளக்கு ஒன்று, சுவரில் பச்சைத் துணி. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"சேர், நான் பொய் செல்லல்ல. பறிபோகிறதா என்டு கேட்டிருக்கன். கேக்கிறதும் பிழையா?"

"மூணாவது தெருவில ஒரு வீடு நாளைக்கு ரெண்டாகப் போகுது."

முகம் கொஞ்சம் மாறியது. ஆனால் போனைத் திருப்பி எனக்குக் காட்டினார், பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. "போன மாசம் வாய்க்கால் துப்பரவாக்கினத ஒரு வீடியோ போட்டன். நல்ல வேலை, உண்மையான செய்தி. ஒரு நாயும் பாக்கல்ல. பயம் காட்டினாத்தான் சேர் ஆக்கள் நிண்டு பாக்காங்க. அவங்க பாத்தாத்தான் எனக்குக் காசு வரும். எலக்சன் முடிஞ்சா அதுவும் இல்ல. மறுப்பு வீடியோ போட்டா யார் பாப்பாங்க? செல்லுங்க."

அவருடைய நியாயம் அவருக்குச் சரியாகத்தான் இருந்தது. நான் அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நல்ல ஓடு, புதுச் சீமெந்து, வாசலில் இரும்புக் கேற்.

"இது உங்கட வாப்பாட வீடா?"

"இல்ல சேர். பொஞ்சாதிட."

"அப்ப இந்த வீட்டு ரசீது யார்ர பேர்ல வருது?"

உள் கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அடக்கிப் பார்த்து அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு.

"அல்லாவே! மூணு நாளா ஊர் ஆம்பிளைங்கட வோட்டெல்லாம் போச்சு என்டு கத்துறாரே, இவர்ர வோட்டு எங்க போச்சு என்டு இவரே பாக்கல்லயே!"

"சும்மா இரிங்க நீங்க."

"என்னத்துக்குச் சும்மா இரிக்க? ரசீது என்ட அலுமாரியிலதான் கிடக்கு. எடுத்துட்டு வாறன்."

ரசீது திரையைத் தாண்டி ஒரு கையோடு வந்தது. அவர் அதை வாங்கி, மனைவியின் பெயரை இரண்டு முறை வாசித்தார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவருடைய கண் பளிச்சென்றது.

"சேர்," என்றார் மெதுவாக. "இது ஓடும்."

அஸர் முடிந்து நாலரைக்கு நேரலை. தலைப்பு: என் வாக்கும் போச்சா? மனைவியிடம் மாட்டிக்கொண்டேன்! தலைப்பைப் பற்றி அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டே நிபந்தனைதான் கேட்டேன். ரசீதுக்கும் வாக்குக்கும் தொடர்பில்லை என்று முதல் நிமிடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும், பழைய வீடியோவை எடுத்துவிட வேண்டும். இரண்டாவதுக்கு அவர் இழுத்தார். அது இன்னும் உழைத்துக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து, "எடுத்துப் போட்டுட்டுக் கதைங்க" என்று வந்தது. எடுத்தார், என் கண்ணுக்கு முன்னால். நேரம் மூன்று ஐந்து.

நேரலையை நான் தங்கச்சி வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தேன். மச்சான் பக்கத்தில், பார்சல் கட்டுவதை நிறுத்தாமல், பார்க்காதது போலப் பார்த்தார். போனில் அந்த மனிதர் ரசீதை உயர்த்திப் பிடித்து, "சகோதரர்களே, நான் சொன்னது பிழை. இது என்ட பொஞ்சாதிட வீடு, இது அவட ரசீது. ஆனா இடாப்புல என்ட பேர் இரிக்கி, வியாழக்கிழமை நான் போய் வோட்டுப் போடுவன்" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவி, "ரசீத வச்சிட்டுப் போங்க!" என்று கத்தினாள். அதோடு நேரலையின் கீழே ஊர்ப் பெண்கள் எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். மஃரிபுக்கு முன்னரே பழைய வீடியோ மூன்று நாளில் எடுத்த பார்வைகளை இது தாண்டிவிட்டது. நான் கொப்பியில் நேரத்தோடு குறித்தேன். ஐந்து முப்பத்திரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன் என்று எழுதவில்லை. ஐந்து முப்பத்திரண்டு என்றே எழுதினேன்.

மச்சான் நூலைக் கீழே வைத்தார். பிறகு என்னிடம் அல்ல, உள்ளே பார்த்துச் சொன்னார்.

"இருவத்திரெண்டு வரிசமா சோலை வரி கட்டுறது நான். வரிசையில நிக்கிறது நான். ஒருக்காச்சும் அதுல என்ட பேர் வந்திச்சா?"

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. வீடியோ அவருக்குக் கிடைத்த ஒரு சாட்டு மட்டும்தான். வேறு கட்சிக்காரனாக இருந்தும் அந்த நேரம் அவர் பக்கம் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது.

தங்கச்சி வெளியே வந்தாள். கையில் தேத்தண்ணி.

"வரல்லதான். கட்டுன காசு எந்த வீட்டுக்குக் கட்டினீங்க? அந்த வீட்டுல யார் படுக்கிறது? ராசா மாதிரிச் சாய்மனைக் கதிரையில யார் இரிக்கிற? பேர் வேணும் என்டா கேற்றுல எழுதிப் போடுங்க, இவ்வளவு பெரிசா. ஒருத்தரும் அழிக்க மாட்டாங்க. உறுதி பிள்ளைகளுக்கு."

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. வராமலிருக்கப் பார்த்தார், வந்துவிட்டது. பெரிய பிளேட்டில் இனிப்பு வட்டிலப்பம் வந்தது. அதை அவள் மத்தியானமே அவித்து வைத்திருந்தாள். தோற்பேன் என்று ஒரு கணமும் நினைக்காதவளைப் போல. மேசையில் அரசியல் கதைக்கக் கூடாது என்ற சட்டத்தை அன்றைக்கு மட்டும் தளர்த்தினாள். நானும் மச்சானும் ஒரு மணித்தியாலம் நன்றாகச் சண்டை பிடித்தோம், வருமான வரியைப் பற்றி, வற் வரியைப் பற்றி, யார் வந்தால் அரிசி விலை இறங்கும் என்பதைப் பற்றி. வியாழக்கிழமை அவர் போடும் வாக்கு என் கட்சிக்கு எதிரான வாக்கு. அது போகாமல் பார்த்துக்கொண்டது நான். அந்த மாதத்தில் நான் செய்த வேலைகளில் எனக்கு அதைவிடப் பெருமை தந்தது வேறில்லை.

திங்கட்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு இருவரும் பள்ளிவாசலிலிருந்து ஒன்றாக வெளியே வந்தோம். மச்சான் செருப்பைக்கூடப் போடவில்லை. படியில் நின்றபடியே நொத்தாரிசுக்குப் போன் எடுத்து, ஒன்பது மணிக்கு வரமாட்டோம், உறுதியைத் திருப்பி எடுக்க மட்டும் வருகிறேன் என்றார். மறுபக்கத்தில் சொன்னது எனக்கும் கேட்டது. நேற்று மஃரிபிலிருந்து இப்படிச் சொல்லும் நாலாவது ஆள் நீங்கள் என்றார் நொத்தாரிசு.