கூடாரத்துக்குப் போட்ட கஞ்சி

மலைமேல் மறையூர்ப் பக்கம் போய் இரண்டு நாள் கூடாரத்தில் தங்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். என்னிடம் கூடாரம் இருந்தது; அதற்குள் நுழையத் துணிந்த மூக்குதான் வீட்டில் யாருக்கும் இல்லை. பழைய கேன்வாஸ். எலப்புள்ளியில் எங்கள் வீட்டில், உர மூட்டைகளுக்குப் பின்னால், ஈரத்தோடு அதை மடித்து வைத்த அறிவாளி நானேதான்.

பிரித்ததும் மனைவி முந்தானையால் மூக்கை மூடினாள். "ஏனுங்க, இதுக்குள்ள ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?"

"பூசணம்தான். தொவைச்சாப் போயிரும்."

"போச்சுன்னா நானும் வாரனுங்க. இல்லீன்னா நீங்க மறையூருக்கு, நான் என்ற அண்ணன் ஊட்டுக்கு. அடுத்த வெள்ளிக்கெழம உள்ள படுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் எங்கும் போய்த் தங்கியதில்லை. எங்கே கிளம்பினாலும் ஒரு வேன் நிறையச் சொந்தம் கூட வரும். ஆகவே வேலையில் இறங்கினேன்.

சோப்புப் போட்டுத் துவைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். விறைத்த வேட்டியில்தான் கல்யாணத்துக்குப் போவோம் என்கிற குடும்பம் எங்களுடையது. துவைத்த துணியைக் கண்டால் கஞ்சி போடாமல் கை நிற்காது. ஒரு பானைக் கஞ்சியில் கூடாரத்தை முக்கி எடுத்தேன். மழை வந்தது, சுருட்டி வராந்தாவில் போட்டேன். மூன்றாம் நாள் பிரித்தபோது, பூசணத்துக்கு நான் விருந்து வைத்திருந்தது புரிந்தது. கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே பச்சையும் மஞ்சளுமாகப் புதுக் குடித்தனங்கள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியில் சாய்ந்து பார்த்தார். "ஏனுங் மாப்ள, இதக் கட்டிக்கிட்டு எந்தக் கல்யாணத்துக்குப் போறீங்க?"

"சிரிக்காம வழி சொல்லுங்க மாமா."

"மொதல்ல கஞ்சி போக அலசுங்க. காஞ்சதுக்கப்புறம் பிரஷ் போட்டுப் பூசணத்த உதுத்துவுடுங்க. தண்ணியில வினிகர் கலந்து தொடைங்க. உள்ளுக்கு எடுத்து வெக்காம காத்துலயே வுட்ருங்க."

அப்படியே செய்து, நெல் காயப்போடும் களத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மலைக் கணவாய் வழியே எங்கள் ஊருக்குள் வீசும் காற்று இரண்டு நாள் அதை மாறி மாறி அறைந்தது. எனக்கு விழவேண்டியதையெல்லாம் அது வாங்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் களத்திலேயே கூடாரத்தை நிறுத்தினேன். மனைவி தலையணையோடு உள்ளே போனாள். நான் வெளியே, பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்ப்பவன்போல் நின்றேன். சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் நட்டநடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள்.

"எப்படி?"

"ஊறுகா ஜாடிக்குள்ள படுத்தாப்பல இருக்குதுங்க. அது பரவால்லீங்க." செருப்பை மாட்டிக்கொண்டாள். "அண்ணனுக்குப் போன் பண்ணி வரலீன்னு சொல்லிர்றேன். காலைல பஸ் எத்தன மணிக்குங்க?"

எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி வரை விஷயம் போகும் என்று நானே நம்பியிருக்கவில்லை.