பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்

பழைய கல்சுரங்கக் காட்டுப் பாதையில் மோட்டார் வாகனம் நுழையக் கூடாது. வாயில் பலகையில் முதல் விதியே அதுதான். ஓய்வுபெற்ற பிறகு, சைகோனிலிருந்து பேருந்தில் போய் அங்கே வாடகை சைக்கிள் மிதிப்பேன். அன்று கடைக்காரப் பெண் நீட்டிய சைக்கிளை நம்பாமல், ஓரமாக நின்ற புதியதை நானே எடுத்துக்கொண்டேன்.

பாதி வழியில் முகமூடி போட்ட ஆள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தார். வழிப்பறிதான் என்று முடிவுகட்டி, வண்டி எண்ணோடு வன அலுவலகத்துக்குக் கைபேசியில் புகார் அனுப்பினேன். அவர் கத்தக் கத்த வேகமாக மிதித்தேன்.

இறக்கத்துக்கு முன் வண்டி குறுக்கே வந்து மறித்தது. முகமூடியை இறக்கியது கடைக்காரப் பெண்.

"காது கேட்காதா, பெரியப்பா? நீங்கள் எடுத்த சைக்கிளுக்குப் பிரேக்கே இல்லை! கீழே சுரங்கக் குளம். நீச்சல் தெரியுமா?"

தெரியாது. அங்கேயே நின்று புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினேன். புகார் போகும் வேகத்தில் மன்னிப்பு போகாது என்பது, அலுவலகத்திலேயே ஆயுளைக் கழித்த எனக்குத் தெரியாததல்ல.

தங்கள் புகாரின் பேரில் அப்பெண்ணின் கடை உரிமம் ரத்து செய்யப்பட்டது என்ற பதில், தெத் புத்தாண்டுக்கு முந்தைய நாள் வந்தது.